கேட்டவர் வைத்த கணக்கு

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலத்தில், பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்தது. லலிதாங்குரன் என்ற தன் விருதுப்பெயரையும், கோயிலுக்குத் தான் இட்ட அவனிபாஜன பல்லவேசுவரம் என்ற பெயரையும் அவன் கல்லிலேயே வெட்டிவைத்துவிட்டான். அதனால் செய்தவன் யார் என்பதில் ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்தும் வழக்கில்லை. அந்த நாளில் அங்கே வந்து நின்றவர்கள் யார், என்ன கேட்டார்கள், என்ன நினைத்தார்கள் என்பதற்கு மட்டும் ஓர் எழுத்தும் கிடையாது. வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் நம் கைக்கு வருகிறது. சொன்னவன் எழுதிவைக்கிறான், கேட்டவன் காணாமல் போகிறான். இருபதாம் நூற்றாண்டில் ஒரு துறையில் மட்டும் இந்த முறை தலைகீழாகப் புரண்டது. உரிமம் வாங்காமல், பெயரை மாற்றி, இடத்தை மறைத்து ஒலிபரப்பிய திருட்டு வானொலிகள் தங்களைப் பற்றி எதையும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் அதுவே வழக்கில் சாட்சியாகியிருக்கும். அவை ஒலித்தன என்பதற்கே ஆதாரம், மறுமுனையில் உட்கார்ந்து தேதி, மணி, அலைவரிசை என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்த ஒருவர்தான். வீட்டாருக்கு அவர் கிறுக்கு, அண்டை வீட்டாருக்கு வேடிக்கை. அந்தக் கிறுக்குதான் இந்தத் துறைக்கு ஆவணக் காப்பகமாக இருந்தது என்பதும், நம் ஊரில் வானொலி கேட்கப்பட்ட கதையை எழுதவும் அதைவிட்டால் வேறு வழி குறைவு என்பதும் என் வாதம்.

முதலில் அந்த மனிதரின் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். வட அமெரிக்காவில் சிற்றலையில் 6,925 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் வார இறுதி இரவுகளில் பொழுதுபோக்குத் திருட்டு வானொலிகள் திடீரென்று முளைக்கும். சில பத்து வாட் சக்தி, ஒரு பொய்ப்பெயர், நாலு பாட்டு, கொஞ்சம் கிண்டல். அரை மணியில் அடங்கிவிடும். மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே சட்டம் கடுமையானது. 2020இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் மத்திய அலை, பண்பலைத் திருட்டு ஒலிபரப்புக்கான அபராதத்தை நாளொன்றுக்கு ஒரு லட்சம் டாலர், மொத்தம் இருபது லட்சம் டாலர் வரை உயர்த்தியது; சிற்றலைக்காரரும் அபராதத்துக்குத் தப்பியவர் இல்லை. ஆகவே ஒலிபரப்புகிறவர் தடயம் வைப்பதில்லை. அவர் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று: கேட்டவர் எவரேனும் அறிக்கை அனுப்ப வேண்டும். கேட்பவர் கொல்லையில் நீளக் கம்பியை ஏரியலாகக் கட்டி, தூக்கம் கெட்டு, இரைச்சலுக்குள் காதை விட்டு உட்கார்ந்திருப்பார். உலகப் பொது நேரம், அலைவரிசை, என்ன பாட்டு, எந்த நிமிடத்தில் குரல் மங்கியது, ஒலியின் வலிமைக்கும் இடையூறுக்கும் இரைச்சலுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் என்று எழுதுவார். அறிக்கை சரியாக இருந்தால் பதிலுக்கு ஓர் அட்டை வரும், க்யூ.எஸ்.எல். அட்டை என்பார்கள். ஒலிபரப்பியவர் என்ன பேசினார் என்பதில் இவருக்குப் பெரிய அக்கறை இல்லை. பேச்சு எவ்வளவு தூரம் தாண்டி, எத்தனை தெளிவாக வந்தது என்பதே இவருடைய அக்கறை. அமெரிக்கத் திருட்டு வானொலி பற்றி ஆண்ட்ரூ யோடர் போன்றவர்கள் நூல்கள் எழுதியபோது அவர்களுக்குக் கைகொடுத்தவை இத்தகைய குறிப்புகளே. 1964இல் வட கடலில் கப்பலிலிருந்து ஒலித்த ரேடியோ கரோலைன் உலகப் புகழ் பெற்றது. அதன் ஒலியில் இன்று எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி வீடுகளில் ரசிகர்கள் நாடாவில் பதிந்துவைத்தது.

இந்தியாவுக்கு வந்தால் கதை வேறு மாதிரி. இங்கே அரசு ஒலிபரப்புகிறவரைத் தேடுவதற்கு முன்பே கேட்கிறவரைப் பதிவேட்டில் எழுதிவிட்டது. 1885இன் தந்திச் சட்டம் தந்தி வழிகளை எல்லாம் அரசின் தனியுரிமையாக்கியது. 1933இன் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இன்னும் ஒரு படி போய், உரிமம் இல்லாமல் வானொலிப் பெட்டியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. முதல் முறை சிக்கினால் நூறு ரூபாய் வரை அபராதம், மறுமுறை இருநூற்றைம்பது வரை. ஒலிபரப்பும் கருவிக்குத் தனியாகச் சிறைத்தண்டனை 1949இல்தான் சேர்ந்தது. சென்னையில் வானொலியைத் தொடங்கியவர்களே கேட்கும் ஆசை பிடித்த பொழுதுபோக்காளர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே மாதம் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், ஜூலை 31 முதல் நாற்பது வாட் கருவியில் ஒலிபரப்பியது. 1927 அக்டோபரில் பணமில்லாமல் மூடினார்கள். கருவி மாநகராட்சிக்குப் போனது. 1930 ஏப்ரலிலிருந்து மாநகராட்சி நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்த பிறகு காற்று முழுக்க அரசுடையது. அதன் பிறகு அஞ்சலகத்தில் ஆண்டுக்கட்டணம் கட்டி, உரிமப் புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்குவது 1980கள் வரை நடந்தது. யார் வீட்டில் பெட்டி இருக்கிறது என்று அரசுக்குத் தெரியும். அந்தப் பெட்டி ராத்திரி எந்த ஊரைப் பிடிக்கிறது என்று உரிமப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. நம்முடைய வானொலி வரலாற்று நூல்களில் நிலையங்கள் திறந்த தேதிகள் அழகாக அடுக்கியிருப்பதற்கும், கேட்டவர்கள் வெறும் எண்ணிக்கையாக வருவதற்கும் காரணம் இந்தப் பதிவேட்டின் புத்திதான்.

இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற மறைவு வானொலி காங்கிரஸ் ரேடியோ. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறிய மறுநாளே தலைவர்கள் சிறைக்குப் போய்விட, பம்பாயில் இருபத்திரண்டு வயது உஷா மேத்தாவும் விட்டல்பாய் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி, பாபுபாய் காக்கர் முதலானவர்களும் சேர்ந்து நடத்தியது. ராம் மனோகர் லோகியா பின்னணியில் இருந்தார்; சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோட்வானே கருவி கொடுத்து உதவினார். அலைநீளம் 42.34 மீட்டர் என்று அவர்களே அறிவித்தார்கள். கணக்குப் போட்டால் அது சுமார் 7,080 கிலோ ஹெர்ட்ஸ்; அமெச்சூர் வானொலிக்காரர்கள் காலம் காலமாகப் புழங்கும் 40 மீட்டர் பட்டைக்குள் வருகிறது. போர் தொடங்கியதும் அமெச்சூர்களின் உரிமங்களை அரசு பறித்துவிட்டதால் அந்தப் பட்டை இந்தியாவில் வெறிச்சோடிக் கிடந்திருக்கும். ஆளில்லாத தெருவில் ஒருவர் நடந்தாலும் காலடி கேட்கும் என்பதுபோல், பிடிக்க முயன்றவர்களுக்கு அது வசதியாகவும், ஒளிய முயன்றவர்களுக்கு ஆபத்தாகவும் இருந்தது. வீடு மாற்றி வீடு மாற்றி நடத்தினார்கள். கடைசியில் கருவி கட்டித்தந்த தொழில்நுட்பரே காட்டிக்கொடுக்க, 1942 நவம்பர் 12இல் பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்காண்டுச் சிறை. இத்தனை வீரமான கதையில் அந்த வானொலி நாள்தோறும் என்ன சொன்னது என்பது நமக்கு எப்படித் தெரிகிறது? நடத்தியவர்கள் கட்டுக்கட்டாகக் காப்பாற்றி வைத்ததால் அன்று. போலீஸ் தரப்பு உட்கார்ந்து கேட்டு, எழுதி, வழக்குக்குச் சான்றாக வைத்ததால். உஷா தக்கர் 2021இல் வெளியிட்ட காங்கிரஸ் ரேடியோ பற்றிய நூலுக்கு முதுகெலும்பு அந்தப் போலீஸ் பிரதிகள். அந்த வானொலியை உன்னிப்பாகக் கேட்ட மிக விசுவாசமான நேயர், அதை ஒழிக்க நினைத்தவரே.

நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலிக்கும் இதே கதி, அல்லது இதே நற்பேறு. 1942இல் ஜெர்மனியிலிருந்து தொடங்கி, பிறகு சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் நகர்ந்த அந்த ஒலிபரப்பில் தமிழும் உண்டு. தற்காலிக அரசின் பிரசார அமைச்சராக இருந்த எஸ். ஏ. ஐயர் தமிழரே. ரங்கூன் விழுந்தபோதும் சிங்கப்பூர் விழுந்தபோதும் காகிதங்களைக் காப்பதைவிட உயிரைக் காப்பது பெரிதாக இருந்தது. 1939இல் பி.பி.சி. தொடங்கிய கண்காணிப்புக் கேட்பகம் போன்ற அமைப்புகள் எதிரியின் வாயிலிருந்து வந்ததை நாள்தோறும் பெயர்த்தெழுதியதால்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு அச்சில் படிக்க ஏதோ இருக்கிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். போலீஸ்காரரும் பி.பி.சி. ஊழியரும் சம்பளத்துக்குக் கேட்டவர்கள். நோட்டுப் புத்தகக் கிறுக்கரை அவர்களோடு ஒரே வரிசையில் உட்காரவைக்கலாமா? உட்காரவைக்கக் கூடாது, ஏனென்றால் வித்தியாசம் கிறுக்கருக்குச் சாதகமாக இருக்கிறது. அரசு தான் பயப்படுவதை மட்டுமே கேட்கும். புரட்சிக்கு அழைக்கும் குரலை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளும் சுருக்கெழுத்தர், அதே அலைவரிசைக்குப் பக்கத்தில் ஒலிக்கும் பாட்டைத் தாண்டிப் போய்விடுவார். வழக்கு முடிந்ததும் அவர் காதையும் மூடிக்கொள்வார். போரும் வழக்கும் இல்லாத காலத்தில், ஆபத்தில்லாத, ஆனால் ஒரு சமூகத்தின் ரசனையையே மாற்றிவிட்ட ஒலிகளைக் கேட்டு எழுத அரசுக்கு எந்த அவசியமும் இல்லை. 1950களின் இலங்கை வானொலி அப்படிப்பட்ட ஒலி.

போரின்போது கொழும்பில் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காக அமைத்த ரேடியோ சியாக்கின் நூறு கிலோவாட் சிற்றலைக் கருவி, போர் முடிந்து சில ஆண்டுகளில் ரேடியோ சிலோனின் கைக்கு வந்தது. 1950 செப்டம்பர் 30இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் தில்லியில் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களைக் கெடுக்கிறது என்ற உறுதியோடு அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஏறத்தாழ விரட்டினார். இரண்டும் அடுத்தடுத்து நடந்தது கொழும்புக்கு யோகம். வரைபடத்தில் அளந்தால் சீயமங்கலத்துக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் போல. கொழும்புக்கு அறுநூறு கிலோமீட்டர் போல. கிட்டத்தில் இருக்கும் சென்னையைக் கேட்பதுதான் எளிது என்று தோன்றும். ஆனால் மத்திய அலை தரையோடு ஒட்டி நகர்ந்து மெலிவது. சிற்றலையோ வானத்தின் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்குவது. 41, 49 மீட்டர் பட்டைகளுக்கு அறுநூறு கிலோமீட்டர் நல்ல தூரம். வால்வு ரேடியோ ஒன்றும் வேப்பமரத்துக்கும் கூரைக்கும் இடையே இழுத்துக் கட்டிய கம்பியும் இருந்தால் போதும். ஊரில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. அது அரசு சொல்லவந்ததைச் சொன்னது. அதில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். திருச்சி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சி பரப்பிய ஏ.டி.டி. 27 நெல்லைத் தஞ்சைப் பக்கம் ரேடியோ அரிசி என்றே அழைத்தார்கள். பாட்டுக்கு மட்டும் கொழும்பு. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலும், பிறகு கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது குரல்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெற்ற உரிமை, நம் ஊர் அறிவிப்பாளர்களுக்குக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. உரிமம் பெற்ற பத்து வீட்டில் ஒன்பது வீடு ரேடியோ சிலோன் கேட்டது, பத்தாவது வீட்டுப் பெட்டி ரிப்பேர் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. 1957 அக்டோபர் 3இல் திரைப்பாட்டுக்கு இடம் தரும் விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கிவந்தது.

இதிலே திருட்டு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ரேடியோ சிலோன் ஓர் அரசின் நிலையம். அதைக் கேட்பது இந்தியச் சட்டப்படி குற்றமும் இல்லை. சரிதான். ஆனால் திருட்டு வானொலிக்கு இலக்கணம் சட்டப்புத்தகத்தில் மட்டும் இல்லை. ஐரோப்பாவில் கப்பல் வானொலிகள் செய்த காரியம் என்ன? உள்நாட்டு ஏகபோக நிலையம் மறுத்த இசையை, எல்லைக்கு வெளியே நின்று, விளம்பரக் காசில் உள்ளே அனுப்பியது. கொழும்பு செய்ததும் அதுவே, அதுவும் கரோலைனுக்குப் பதினான்கு ஆண்டு முன்னால். கரோலைனை ஒடுக்கும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிரிட்டன் ஏழு வாரத்துக்குள், 1967 செப்டம்பர் 30இல், பாப் இசைக்கென்று ரேடியோ 1 தொடங்கியதையும் தில்லி விவித் பாரதி தொடங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நாடகத்தின் இரண்டு மேடைகள். கப்பலின் இடத்தில் ஒரு தீவு இருந்ததால் இங்கே யாரையும் கைது செய்யும் பிரச்சினை வரவில்லை, அவ்வளவுதான். ஒலிபரப்ப வழியே இல்லாத நாட்டில் மீறல் என்பது குமிழைத் திருகுவதில் போய்ச் சேர்ந்தது.

திருகியவர்களில் பெரும்பாலோர் பாட்டோடு நின்றார்கள், சிலர் நிற்கவில்லை. பி.பி.சி. 1941 மே மாதம் தமிழில் பேசத் தொடங்கியிருந்தது. மாஸ்கோ, வத்திக்கான், மணிலாவின் வேரித்தாஸ் எல்லாம் தமிழுக்கு வந்தன. பீக்கிங் வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்ட் முதல் தேதி தொடங்கியது. சீனாவுடனான எல்லைப்போர் முடிந்து ஓராண்டு கூட ஆகவில்லை. தெருமுனையில் சீனன் என்ற சொல்லே வசையாக இருந்த நேரம். அந்த நேரத்தில் பீக்கிங்கை இரவில் பிடித்து, எத்தனை மணிக்கு எவ்வளவு தெளிவு என்று கடிதம் எழுதி, வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறைக்குக் காத்திருந்த ஒருவரை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று ஊகிக்க அதிகக் கற்பனை வேண்டாம். பின்னாளில் நேயர் மன்றங்கள் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கூடப் பெருகின. காலண்டரும் பேட்ஜும் பரிசுப்போட்டியும் வந்தன. பிரசாரத்துக்கு விலைபோன அப்பாவிகள் இவர்கள் என்று சிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஓரளவு உண்மை, காலண்டருக்காகவே கடிதம் போட்டவர்கள் உண்டு. ஆனால் அசல் கிறுக்கரின் ஆல்பத்தில் மாஸ்கோவின் அட்டை வத்திக்கான் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். எந்தப் பிரசாரகரும் விரும்பாத ஏற்பாடு அது. கொள்கையைக் கேட்காமல் அலையைக் கேட்டவரை மதம் மாற்றுவதும் கட்சி மாற்றுவதும் எளிதில்லை. வெளிநாட்டு நிலையத்தைக் கேட்பது ஏழைகளின் பொழுதுபோக்கு என்றும் சொல்லிவிட முடியாது. 1984 அக்டோபர் 31இல் இந்திரா காந்தி சுடப்பட்ட அன்று அகில இந்திய வானொலி மாலைவரை மரணத்தை அறிவிக்காமல் தயங்கியபோது, மேற்கு வங்கத்தில் பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பி.பி.சி.யைத்தான் கேட்டார்.

இந்த நோட்டுப் புத்தகங்களை நம்பலாமா என்பதுதான் எனக்கு மிகப் பெரியதாகப் படும் மறுப்பு. ஒருவர் தனக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார். அட்டை வாங்கும் ஆசையில் ஒலி பிரமாதம் என்று கூட்டிச்சொல்வார். கேட்காத நிகழ்ச்சியைக் கேட்டதாகவும் எழுதுவார். இதெல்லாம் நடந்ததுதான். பொய் அறிக்கை அனுப்புகிறவர்களை அந்தப் பொழுதுபோக்குக்காரர்களே கேவலமாகப் பார்ப்பார்கள் என்பதிலிருந்தே பொய் இருந்தது என்று தெரிகிறது. ஆனால் வேறு எந்தச் சாமானியரின் நாட்குறிப்புக்கும் இல்லாத ஒரு சோதனை இதற்கு உண்டு. அறிக்கை போய்ச் சேரும் இடத்தில் நிலையத்தின் சொந்தப் பதிவேடு இருக்கிறது. இன்ன நிமிடத்தில் இன்ன பாட்டு என்று ஒத்துப்பார்த்த பிறகே அட்டை வரும். ஆகவே அட்டை என்பது கேட்டதற்கான ரசீது. திருட்டு வானொலிகளிலும் நடத்துகிறவர் தன் நினைவோடு ஒப்பிட்டே அனுப்புவார். ஒரே ஒலிபரப்பைப் பத்து ஊரில் பத்துப் பேர் குறித்திருந்தால் பொய்யர் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பார். கேட்டவருக்கு ஒலி வந்த நேரம் தெரியும், வலிமை தெரியும்; நிலையம் உண்மையில் எங்கிருந்தது, நடத்தியவர் யார் என்பது தெரியாது. அந்த வரம்பை மறந்து படித்தால் ஏமாறுவோம். கல்வெட்டில் அரசன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டங்களை வரலாற்றாசிரியர் அப்படியே நம்புவதில்லை. தேதியையும் இடத்தையும் எடுத்துக்கொள்கிறார். இங்கேயும் அதே படிப்பு முறைதான் வேண்டும். சொல்லப்போனால், நிகழ்ச்சியின் கருத்தில் பற்றில்லாமல் எழுதியது என்பதால் இந்தச் சாட்சி போலீஸ் பிரதியைவிட ஒரு விஷயத்தில் மேல்: யாரையும் தண்டிக்கவோ காப்பாற்றவோ எழுதியதில்லை.

வாதத்தைச் சோதிக்க எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் உதாரணம் எடுத்துக்கொள்ளலாம்: திருட்டு வானொலி இருந்தது, குறித்துவைக்கும் நேயர் இல்லை. பீகாரின் வைசாலி மாவட்டத்தில் மன்சூர்பூர் கிராமத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ராகவ் மகதோ, ஐம்பது ரூபாய்ச் செலவில் கருவி கட்டி, பக்கத்து மருத்துவமனை மாடியில் மூங்கில் நட்டு ஏரியல் வைத்து, பண்பலையில் ஒரு நிலையம் நடத்தினார். போஜ்புரிப் பாட்டு, காணாமல்போன குழந்தை பற்றிய அறிவிப்பு, போலியோ பற்றிய பேச்சு எல்லாம் சுற்றுவட்டாரத்தில் கேட்டது. உரிமம் என்று ஒன்று உண்டென்பதே அவருக்குத் தெரியாது. 2006 பிப்ரவரியில் பி.பி.சி. செய்தி உலகெங்கும் போயிற்று. மார்ச் மாதம் அதிகாரிகள் வந்து மூடினார்கள். அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியிருந்தும், சமூக வானொலிக்கு ஊர் அமைப்புகள் விண்ணப்பிக்கும் வழி 2006 இறுதியில்தான் திறந்தது. அதுவும் அமைப்புகளுக்கு, தனி ஆளுக்கு இல்லை. ராகவ் எஃப்.எம். பற்றி நாம் படிப்பதெல்லாம் நிருபர்கள் வந்துபோன சில நாட்களின் சித்திரம். அதை ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள், ஆனால் கேட்டவர்கள் சாதாரணமானவர்கள். பாட்டு வந்தது, கேட்டார்கள், வேலையைப் பார்த்தார்கள். இத்தனாம் தேதி இத்தனை மணிக்கு என்று எழுத ஓர் அசட்டுப் பிடிவாதம் வேண்டும். மன்சூர்பூரில் அது இல்லாமல் போனதால் ஒரு நிலையத்தின் முழு ஆயுளும் நாலு செய்திக் கட்டுரைக்குள் சுருங்கிவிட்டது.

பிற நாடுகள் இந்தப் பிடிவாதத்தின் மதிப்பைக் கொஞ்சம் முன்பே உணர்ந்தன. அமெரிக்காவில் வானொலி அட்டைகளைக் காக்க 1986இல் தொடங்கிய குழுவின் சேகரிப்பு மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறது; வியன்னாவில் வானொலி ஆவணங்களுக்கென்றே ஒரு காப்பகம் இயங்குகிறது. நம்மிடம் ஆர்வமில்லை என்று சொல்ல முடியாது. சென்னையின் ஆர்டிக் டி.எக்ஸ். கிளப் சிற்றலை கேட்போரைத் தமிழில் ஒன்றுசேர்த்தது. ‘சர்வதேச வானொலி’ என்று இதழும் வந்தது. கிறுக்கர் ஒருவரின் சேகரம் நூலகமாக முடியும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று யாரும் சீந்தாத அச்சுக் காகிதங்களைச் சேர்த்தார். அவர் 1992இல் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. அச்சுக்கு ஒரு முத்தையா கிடைத்தார். வானொலிக் காகிதத்தில் பாதி நம் எல்லைக்குள்ளேயே இல்லை என்பது கூடுதல் சிக்கல். அறிக்கை எழுதியவரின் கையெழுத்து கொழும்புக்கும் பீக்கிங்குக்கும் மணிலாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டது. அங்கிருந்து வந்த அட்டை மட்டும் வீட்டில் தங்கியது. 2017 ஏப்ரல் 30இல் பி.பி.சி. தமிழோசை சிற்றலையில் நின்றுபோனது போல நிலையங்கள் ஒவ்வொன்றாக அடைபடும்போது, அந்தக் கடிதக் கட்டுகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்க ஆள் இல்லை.

அவற்றை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். விவித் பாரதி தொடங்கிய 1957, 58 ஆண்டுகளில் சூரியப்புள்ளிகள், அளவெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து கண்டிராத அளவுக்கு உச்சத்தில் இருந்தன. சூரியன் அப்படிக் கொதிக்கும்போது அயனி மண்டலம் அடர்ந்து, சிற்றலை நன்றாகத் திரும்பி இறங்கும். அடுத்த தாழ்வு 1964 வாக்கில். கொழும்புக்குப் போன தமிழ் நேயர் பாட்டின் ருசியால் மட்டும் போனாரா, அந்த ஆண்டுகளில் கொழும்பு அத்தனை தெளிவாக வந்ததும் ஒரு காரணமா? கேஸ்கரின் பிடிவாதத்தையே எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லும் வழக்கமான கதைக்கு இது ஒரு கேள்வி. அமைச்சரின் கோப்பிலும் நிலையத்தின் பதிவேட்டிலும் இதற்கு விடை இருக்காது. தேசூர்ப் பக்கத்திலோ வந்தவாசிப் பக்கத்திலோ 1957க்கும் 1964க்கும் இடையே இரவுதோறும் கொழும்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுவைத்த இரண்டு நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தால், அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டு அதைத் தீர்த்துவிடலாம்.